நடுக்கோட்டில் ஒரு ஜெபக்குறிப்பு

ஆட்டம் முடிந்ததும் கோச் நம்ம ரூபனை ஜெபத்தில் தாங்கப் போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்லா என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள், மைதானத்து நடுக்கோட்டில், ரெண்டு டீம் பையன்களையும் கூட வைத்துக்கொண்டு, பேர் சொல்லி, காரியத்தையும் சொல்லி. சொல்லிவிட்டு சீஸ் ஊற்றிய சிப்ஸில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் தேங்க்யூ என்றேன். டெக்சாஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகப் படித்துக்கொண்டது அது ஒன்றுதான், எதை நீட்டினாலும் தேங்க்யூ, அடித்தாலும் தேங்க்யூ. காரியத்தையுமா என்று கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் சொல்லுவார் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நமக்குத் தெரியாமல் கேக் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறவர்களின் முகம், அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது. அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் பதற்றத்தில் எனக்கு எல்லாமே தூத்துக்குடிப் பக்கத்து எங்கள் ஊர் நாசரேத் தமிழில்தான் கேட்கும். "நம்ம பயல இன்னைக்கு எல்லாருமாச் சேந்து தாங்கப் போறாவ எப்சிபா, நீ கவலைப்படாத." கவலையே இப்போதுதான் வந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை, அலுமினியப் பெஞ்சு ஜீன்ஸையும் தாண்டிச் சுடுகிறது. கீழே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ரூபன் நிற்கிறான், முப்பத்தேழாம் நம்பர் சட்டை, ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு. என் மகன், ஒரே மகன், பதினொன்றாவது படிக்கிறான். அமெரிக்கன் ஃபுட்பால் என்று பேர்தானே தவிர இதில் பந்தைக் காலால் உதைப்பதற்கென்று டீமுக்கு ஒருவனை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான், மற்றவர்கள் கையால் எறிந்து, இடித்து, விழுந்து, புரண்டு எழும்புகிறவர்கள். அவர்களால் ஒன்றும் ஆகவில்லை என்றால் கடைசியில் இவனைக் கூப்பிடுவார்கள், வந்து ரெண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்துவிட்டுப் போ என்று. உள்ளே போனால் யாருக்கும் அவன் பேர் ஞாபகம் இருக்காது. வெளியே போனால் ஊருக்கே ஞாபகம் இருக்கும். கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்றும் சொல்லக்கூடாது, இந்த விளையாட்டில் கடிகாரம் ஓடும், நிற்கும், விசில் அடித்தால் திரும்ப ஓடும். இப்போது நிற்கிறது. அப்படியே நின்றுவிட்டால் நல்லது. அது தீர்ந்துபோனதும் என் பிள்ளையின் மானம் நடு மைதானத்துக்கு வந்துவிடும், அதைத் தூக்கிக் கொடுத்தவள் நான்.

காரியம் ஒன்றும் பெரிய காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு காரியமே இல்லை. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ரூபன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வான், அவ்வளவுதான். அவன் அப்பாவுக்கு ரிஃபைனரியில் ராத்திரி ஷிப்ட், அதனால் அவருக்குத் தெரியாது. தலையணையோடு வந்து வாசலில் நிற்பான், படு என்பேன், படுப்பான். நான் ஒரு கையைக் கீழே தொங்க விடுவேன், அவன் ரெண்டு விரலைப் பிடித்துக்கொள்வான். ஷேவ் பண்ணுகிற பிள்ளை. வாசலில் குனிந்து வருகிற பிள்ளை. ஊரில் காலேஜ் படிக்கிற பையன்கள் அம்மா பக்கத்தில் படுப்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள், விருந்தாள் வந்தால் எல்லோருமே வரிசையாக ஒரே அறையில்தானே. அதனால்தான் எனக்கு அதன் கனம் தெரியவில்லை. ஒரு தரம் இருட்டுக்குள் அவனாகச் சொன்னான், "ம்மா, உதைக்கப் போகும்போது அது என் கால் மாதிரியே இல்லம்மா. வேற யாரோட காலோ மாதிரி இருக்கு. மிஸ் பண்ணிருவேன்னு பயம் இல்ல. அந்தக் கால் என்னைய விட்டுட்டு ஓடிரும்னு இருக்கு." டயாலிசிஸ் நர்ஸ் நான், தினமும் பயந்தவர்களின் கையைப் பிடித்துத்தான் ஊசி ஏற்றுகிறேன், என் பிள்ளையிடம் மட்டும், "ஜெபம் பண்ணிட்டுப் படுய்யா" என்றேன். புரண்டு படுத்து, "அப்பாட்ட சொல்லாத. வெளியில யார்ட்டயும் சொல்லாத" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். "ப்ராமிஸ்?" என்றான். "சத்தியம் பண்ணக்கூடாதுல. ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல, அவ்வளவுதான்." வேதத்தைக் காட்டித் தப்பித்த முதல் ஆள் நான் இல்லை. அவன் விரலைப் பிடித்தபடி தூங்கிப் போனான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கார்லா வீட்டில் அம்மாமார் ஜெபம். டீமில் விளையாடுகிற பையன்களின் அம்மாக்கள், வட்டமாக நாற்காலி, நடுவில் எலுமிச்சை கேக், ஒவ்வொருவராகத் தங்கள் ஜெபக்குறிப்பை, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதை, சொல்ல வேண்டும். ஒருத்தி தன் புருஷன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்ததைச் சொன்னாள். இன்னொருத்தி தன் தங்கையின் மார்பில் கட்டி என்று சொல்லி அழுதாள். என் முறை வருகிறது, என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு வருஷமாக அங்கே நான் கொண்டுபோனது ஊரில் இருக்கும் அம்மாவின் முழங்கால் வலி ஒன்றுதான், அந்த முழங்காலை எத்தனை வாரம்தான் கொண்டுபோவது, அவர்களும் இரக்கப்பட்டுச் சலித்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் சுவரில் காது வைக்க வேண்டாம், ஜெபக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டால் போதும். எனக்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று சொல்லுகிறவளை அங்கே தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். குறை சொல்லாதவளை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அங்கேயும் சரி, இங்கேயும் சரி. எனக்கும் அவர்களுக்குள் உட்கார வேண்டும் என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அதனால் அன்றைக்கு என் பிள்ளையைக் கொடுத்தேன். பயத்தைச் சொன்னேன், காலைச் சொன்னேன், பாயைச் சொன்னேன், ரெண்டு விரலைக்கூட விடவில்லை. "தரையிலயா? உன் கையப் பிடிச்சுக்கிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள், ஆமாம் என்றேன், ஓ என்றார்கள், ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். அந்த ஓ அன்பு என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் எழுந்து வந்து என் தோள்மேலும் தலைமேலும் கை வைத்தார்கள், கார்லா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், அவளுடைய சென்ட் வாசம் மறுநாள்வரை என் சட்டையில் இருந்தது. சுகமாக இருந்தது. சொன்னதை நினைத்தால்கூட இப்போது ஆறிக்கொள்ளலாம், சொன்னபோது சுகமாக இருந்ததே, அதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

அதற்கு அடுத்த நாள், போன வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, அவன் வரவில்லை. பாயை நானே விரித்து வைத்திருந்தேன், வரவில்லை. காலையில் "தூங்குனியாய்யா?" என்றேன். "ம்" என்றான். "நல்லா?" "ஐயம் ஃபைன்மா." நேற்றும் வரவில்லை. அவன் வராத முதல் தரமே நான் ஸ்தோத்திரம் சொல்லி முழங்காலில் விழுந்துவிட்டேன், பார்த்தாயா, செவ்வாய்க்கிழமை கேட்டது புதன்கிழமை கிடைத்துவிட்டது, அவ்வளவு சீக்கிரம் எங்கள் இன்சூரன்ஸ்காரன்கூட போனை எடுக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சபை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். பேர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு ராத்திரியில் ஒரு பயம் இருந்தது, கர்த்தர் பூரண விடுதலை கொடுத்தார் என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு பிள்ளைதான். அந்த ஒரு பிள்ளை மேடைக்குப் பக்கத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை, எல்லோரும் அல்லேலூயா என்று கை தட்டியபோதும் தூக்கவில்லை. சுருதி சேர்க்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா? இப்போது கார்லாவிடம் திரும்பி, அவனுக்குச் சரியாகிவிட்டது, இனி ஜெபம் வேண்டாம் என்று சொன்னால் என்ன? சொல்லலாம். அப்படியா, இன்னும் நல்லது, அப்போ கோச்சைச் சாட்சியாகவே சொல்லச் சொல்லுகிறேன் என்பாள். நோய் என்றாலும் மைதானத்துக்கு வந்துவிடும், சுகம் என்றாலும் வந்துவிடும், இரண்டு பக்கமும் வாசலை நானே திறந்து வைத்திருக்கிறேன். ஜன்னல் வழியாகப் போன காகத்தைப் பிடிப்பதுபோல ஒரு வார்த்தையைத் துரத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விசில். யாரோ கீழே கிடக்கிறான், எதிர் டீம் பையன். இங்கே ஒரு வழக்கம், அடிபட்டவன் எழும்பும்வரைக்கும் ரெண்டு டீமும் நின்ற இடத்திலேயே ஒரு முழங்காலைக் குத்தி உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள், ரூபனும்தான். கடிகாரம் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று நினைத்தேன். நர்ஸ் நான், ஒரு பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரளுகிறான், அவன் அம்மா எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ எழுந்து நின்றிருப்பாள், நான் அப்பாடா என்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருக்கட்டும் என்று கேட்கிறேன், யாரிடம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் எழும்பிவிட்டான், ரெண்டு பேர் தோளில் கை போட்டு நொண்டிக்கொண்டு போகிறான், எல்லோரும் கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். கார்லா "தேங்க் யூ, ஜீஸஸ்" என்கிறாள். ஒரு ஜெபத்தை எப்படி நிறுத்துவது? சண்டையை நிறுத்தலாம், கல்யாணத்தைக்கூட நிறுத்தலாம், ஜெபத்தை நிறுத்தச் சொல்லி எந்த விசுவாசி போய் நிற்பாள்? அதுவும் நான். போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் அந்த குஜராத்திக்காரர், படேல், எழுந்து நின்றாரே. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆட்டம் முடிந்ததும் கோச் ஜெபம் பண்ணுவது சரியா என்று இந்த நாட்டில் கோர்ட்வரைக்கும் போய் அடித்துக்கொள்கிறார்கள், அவர் அடித்துக்கொள்ளக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டார், என் பையன் மட்டும் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று. கட்டாயம் இல்லையே, வேண்டும் என்கிறவர்கள்தானே வருகிறார்கள் என்றார்கள். "வராதது யார்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருதே" என்றார். நான் எழுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் எழுந்தேன். ஜெபத்தினால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை என்று சொன்னேன். பலத்த கைதட்டல், கோச் தூரத்திலிருந்து எனக்குத் தலையாட்டினார். படேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்னிடம் என்ன கோபம் இருந்திருக்கும், அவரும் நானும் ஒரே கடையில்தான் புளி வாங்குகிறோம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பான், இவர்கள் ஆமென் சொல்லும்வரைக்கும். பாவம், இரட்சிக்கப்படாத பிள்ளை என்று நான் அவனுக்காகவும் ஜெபித்திருக்கிறேன், அவன் பேரையும் செவ்வாய்க்கிழமை வட்டத்தில் சொல்லியிருக்கிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய் ஜெபம் பண்ணு என்று ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டினவளும் நான்தான். கதவு வரைந்தேன், பூட்டும் வரைந்தேன்.

ரூபனைக் கூப்பிடுகிறார்கள். இப்போதா, கர்த்தாவே, இப்போதா? தோற்கப் போகிற ஆட்டம், இவன் உதைத்து உள்ளே போனாலும் தோல்விதான், வெறும் மூன்று பாயிண்ட் கூடும், ஆனாலும் உதைக்கத்தான் வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். ஓடுவதில் ஒரு குறையும் தெரியவில்லை, அந்தக் கால் அவன் கால்தான், என் அப்பாவின் கால், குதிகால் தரையில் படாத நடை. பின்னால் எட்டு வைக்கிறான், பக்கத்தில் எட்டு வைக்கிறான், கையைத் தொங்க விடுகிறான். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் வாய் தானாக ஆரம்பித்துவிடும், பழக்கம், ஆனால் எதைக் கேட்பது? உள்ளே போகட்டும் என்றால் கோச் அதையே சாட்சியாக்குவார், ஜெபத்தின் வல்லமை என்பார். வெளியே போகட்டும் என்றால், சே, என் பிள்ளையாயிற்றே. ஒன்றும் கேட்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன். பந்தை உதைக்கிற சத்தம் மேலேவரைக்கும் வராது என்பார்கள், எனக்குக் கேட்டது. கூட்டம் கத்தியது. கார்லா என் முதுகில் தட்டி, "உள்ள போயிட்டு எப்சிபா, உள்ள போயிட்டு, பாத்தியா, பாத்தியா" என்றாள். பார்க்கவில்லை. மற்ற அம்மாக்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. இருந்ததா? செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எல்லோர் சிரிப்பிலும் இருக்கிறது, கொஞ்சம் தலையைச் சாய்த்த சிரிப்பு, ஆஸ்பத்திரியில் நானே சிரிக்கிற சிரிப்பு. எழுந்து கீழே போக வேண்டும். கோச்சிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும், சார், அது அவன் என்னிடம் சொன்னது, நான் சொல்லியிருக்கக் கூடாது, தயவு செய்து அதை மட்டும் விட்டுவிடுங்கள், டீமுக்காக ஜெபியுங்கள், நாட்டுக்காக ஜெபியுங்கள். ரெண்டு வாக்கியம். இங்கிலீஷில் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன், நாலு தரமும் சரியாக வந்தது. காலே எழும்பவில்லை. பிறகு கடிகாரம் முழுசாகத் தீர்ந்து ஊதல் சத்தம் கேட்டபோது எப்படி எழுந்தேன் என்று தெரியாது, யார் பையையோ மிதித்து, யார் குளிர்பானத்தையோ கொட்டி, ஸாரி ஸாரி என்று படியெல்லாம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனேன்.

கம்பி கேட்டில் நின்ற பெரியவர் "முப்பத்தேழோட அம்மாதானே, போங்க போங்க" என்று விட்டுவிட்டார். எப்படித் தெரியும்? கேட்காதே, நட. புல் செயற்கைப் புல், வெயிலில் ரப்பர் வாசம் அடிக்கிறது. அதற்குள் ரெண்டு டீமும் நடுக்கோட்டில் கூடிவிட்டது, ஒரு முழங்காலில், ஒருவன் தோள்மேல் ஒருவன் கை, எதிர் டீம் பையன்களும் இவர்களும் கலந்து, வியர்வை நாற்றம், நடுவில் கோச் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ரூபனுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கு சூப் கொண்டுவந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லுவது லேசாக இருந்திருக்கும். "கோச்" என்றேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மாவே வந்துட்டாங்க" என்றார் பையன்களிடம், கண் கலங்கியிருந்தது. "வாங்க, வாங்க. இதக் கர்த்தர் நடத்துறாருன்னு எனக்குத் தெரியும். முதல்ல நீங்க ஜெபிங்க, அப்புறம் நான் முடிக்கிறேன்." கையை என் தோளில் வைத்தார். ரெண்டு வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தது. எண்பது தலை குனிந்திருக்கிறது, முப்பத்தேழு என் காலடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் கழுத்தில் ஆட்டத்துக்கு முன்னால் நான் ஜெபித்துத் தடவிவிட்ட எண்ணெய் இன்னும் மினுங்குகிறது. இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது, அன்பின் பரலோகப் பிதாவே என்று, ராகத்தோடு.

ஆரம்பித்த பிறகுதான் புத்திக்கு எட்டியது, நான் முடிக்கிறவரைக்கும் அவர் ஆரம்பிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளையிடம் ஜெபத்தைக் கொடுத்துவிட்டு யாரும் சீக்கிரம் திரும்ப வாங்கினதில்லை. கொடுத்த ஜீவனுக்காக, சுகத்துக்காக, பெலனுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். விளையாடின பிள்ளைகளுக்காக, நொண்டிப்போன அந்தப் பிள்ளைக்காக, இந்த தேசத்து அதிபருக்காக, எங்கள் தேசத்துப் பிரதமருக்காக, விதவைகளுக்காக, திக்கற்ற பிள்ளைகளுக்காக, மழைக்காக. டெக்சாஸுக்கும் மழை கேட்டேன், தூத்துக்குடிக்கும் கேட்டேன். ஊழியக்காரர்களுக்காக, சிறையில் இருப்பவர்களுக்காக, கடைசியில் அம்மாவின் முழங்காலுக்காக. ஒரு வார்த்தைகூட மேலே போகவில்லை என்று எனக்குத் தெரியும், இது ஜெபம் இல்லை, வாசலில் குறுக்கே கட்டில் போடுகிற வேலை. ஆண்டவரே மன்னியும் என்றும் அதற்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், அதுவும் நேரத்தைக் கடத்துவதற்குத்தானோ என்று பயந்தேன். பையன்கள் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு மாறுகிற சத்தம் கேட்டது. ஒருவன் இருமினான். எங்கேயோ பஸ் எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். என்னிடம் விஷயம் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது கீழேயிருந்து, குனிந்த தலையோடு, உதடு அசையாமல், "ம்மா, போதும்மா" என்றான் ரூபன்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. ராகத்தையும் விடவில்லை, அதே ஜெப ராகத்தில், "கர்த்தாவே, நான் முடிச்சா அவரு உம்ம பிள்ளையோட காரியத்த எல்லார் முன்னாலயும் சொல்லப்போறாரு கர்த்தாவே, நான்தான் செவ்வாய்க்கிழமை வாய விட்டேன் ஆண்டவரே, இந்தப் பாவிதான்" என்றேன். கோச் என் தோளை ஆதரவாக அழுத்தினார். "தெரியும்மா" என்றான் ரூபன். "என்ன தெரியும் ராஜா" என்றேன், கடவுளிடம் கேட்பதுபோல. "எல்லாருக்கும் தெரியும். நீ சொன்ன அன்னைக்கு நைட்டே தெரியும். மறுநாள் என் லாக்கருக்குள்ள பேபி போர்வை மடிச்சு வச்சிருந்தாங்க, பால் பாட்டிலோட." யாரோ ஒரு பையன், நான் ஏதோ உருக்கமாகச் சொல்லுகிறேன் என்று நினைத்து, ஆமென் என்று முணுமுணுத்தான். "எய்யா, ஏன் எங்கிட்ட கேக்கல, ஏன் ஏசல, அம்மாவ ரெண்டு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா கர்த்தாவே" என்றேன். குரல் உடைந்துவிட்டது, அதையும் ஜெபத்தில் உடைந்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், கார்லாவாக இருக்கும். "கேக்கலாம்னுதான் இருந்தேன்," என்றான், "அதுக்குள்ள நீ சர்ச்ல சாட்சி சொல்லிட்ட. எல்லாரும் கை தட்டிட்டாங்க. அப்புறம் எப்படிம்மா தலகாணிய எடுத்துக்கிட்டு உன் ரூமுக்கு வர?" வாயில் ராகம் நின்றுவிட்டது. ராகம் இல்லாமல், வெறும் வாயால், "அப்போ நேத்து ராத்திரி தூங்குனியால?" என்றேன்.

"ஆமென் சொல்லும்மா" என்றான். ஆமென் என்றேன். எண்பது குரல் ஆமென் என்றது, நல்ல உரத்த ஆமென், பெஞ்சிலிருந்துகூட யாரோ சொன்னார்கள். கோச் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் உணர்ந்தேன் என்றார். பிறகு என் தோளை விட்டுவிட்டு, ரூபனின் தலையில் தன் கையை வைத்து, அவர் ஆரம்பித்தார். கர்த்தாவே, எங்கள் சகோதரன் ரூபனை உம் முன்னால் வைக்கிறோம், ராத்திரியில் பயப்படுகிற இந்தப் பிள்ளையை, தன் தாயின் கையை விட முடியாத இந்தப் பிள்ளையை. பக்கத்திலிருந்த கைகள் ஒவ்வொன்றாக வந்து அவன் தோள்மேல், முதுகின்மேல், தெரிந்த கைகள், தெரியாத கைகள், லாக்கரைத் திறந்த கைகளும் அதில் இருக்கும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். அவன் மூடவில்லை. அத்தனை கைகளுக்கும் அடியிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், கோபமாகக்கூட இல்லை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.